டேப் துளைப் பட்டியல்: சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டுப் பட்டறைகளில் மிக அதிகம் படிக்கப்படும் நூல் எது? எந்த ஆசிரியரின் பெயரும் இல்லாத ஒரு தாள்தான். துளையிடும் பொறிக்குப் பக்கத்துச் சுவரில், எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் சுருண்டு அது தொங்கும். இடப்பக்கம் மரையின் அளவு, வலப்பக்கம் அதற்குப் போட வேண்டிய துளையின் அளவு. எம் 6 என்றால் 5. எம் 8 என்றால் 6.8. எம் 10 என்றால் 8.5. கருவி விற்பவர்கள் இதை அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பாடநூல்களில் பின்னிணைப்பாக வருகிறது. மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு நூலை மதிப்பிடுவது போல இதை எவரும் மதிப்பிட்டதாகத் தெரியவில்லை. இதில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன, எதை மறைக்கின்றன, எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு துளையின் உட்சுவரில் திருகுப் பள்ளம் வெட்டும் கருவியைப் பட்டறையில் டேப் என்பார்கள். அளக்கும் நாடாவும் டேப், தண்ணீர்க் குழாயும் டேப். இம்மூன்றையும் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறமை நம் தொழிலாளர்களுக்கு உண்டு. வெட்டப்பட்ட பள்ளமும் மேடும் சேர்ந்தது மரை. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரத்தைப் புரியிடைத் தூரம் எனலாம், பேச்சில் பிட்ச். எம் 10 என்பது 10 மி.மீ. வெளிவிட்டமுள்ள மெட்ரிக் மரை. அதன் வழக்கமான பிட்ச் 1.5 மி.மீ.

இனிப் பட்டியலுக்கு வருவோம். 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டால் டேப்புக்கு வெட்ட எதுவும் இராது. ஆகவே துளை சிறிதாக இருக்க வேண்டும் என்பது யாருக்கும் விளங்கும். எவ்வளவு சிறிதாக? இதற்கு விடை ஒரு முக்கோணத்தில் இருக்கிறது. மெட்ரிக் மரையின் குறுக்குவெட்டு, 60 பாகைக் கோணமுள்ள சமபக்க முக்கோணங்களை வரிசையாக அடுக்கியது போன்றது. அம்முக்கோணத்தின் உயரம் பிட்ச்சைப் போல் 0.866 மடங்கு. கூர்முனைகளை அப்படியே விட்டால் அவை எளிதில் நசுங்கும். எனவே போல்ட்டின் முகட்டில் உயரத்தில் எட்டில் ஒரு பங்கையும், நட்டின் முகட்டில் நாலில் ஒரு பங்கையும் தரநிலை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது எட்டில் ஐந்து பங்கு; அதாவது பிட்ச்சைப் போல் 0.5413 மடங்கு. துளையின் இருபக்கமும் இந்த ஆழம் உண்டு என்பதால் இரண்டால் பெருக்கினால் 1.0825. எம் 10க்கு இதை 1.5ஆல் பெருக்கிப் பத்திலிருந்து கழித்தால் கிடைப்பது 8.376 மி.மீ.

பட்டியலோ 8.5 என்கிறது. 8.4 என்று ஏன் சொல்லவில்லை?

பட்டியலைப் படிக்கும் நூறு பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்பது ஐயமே. ஆனால் பட்டியலின் அறிவு முழுவதும் இந்த எட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் அடங்கியிருக்கிறது. 8.376 என்பது துளையின் உள்விட்டத்துக்குக் கீழெல்லை. பொதுப் பயன்பாட்டு மரைக்கு மேலெல்லை 8.676. இவ்விரண்டுக்கும் நடுவே உள்விட்டம் எங்கே நின்றாலும் அது தரமான மரையே. 8.5 ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. நடுவுக்குச் சற்றுக் கீழே. அந்தச் ‘சற்றுக் கீழே’ என்பதும் காரணத்தோடு அமைந்ததே. டிரில் ஒருபோதும் தன் அளவுக்குச் சரியாகத் துளை போடுவதில்லை, கொஞ்சம் பெரிதாகவே போடும். அப்படிப் பெரிதானாலும் எல்லைக்குள் நிற்கும்படி எண் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னோர் அழகும் இதில் உண்டு. 1.0825 என்பது ஒன்றைவிடச் சிறிதளவே பெரிது. ஆகவே பிட்ச்சை ஒரு முறை கழித்தாலே போதும். துளை கீழெல்லையைத் தாண்டிப் பாதுகாப்பான இடத்தில் விழும். பத்தில் ஒன்றரை போனால் எட்டரை. ஆறில் ஒன்று போனால் ஐந்து. நான்கில் 0.7 போனால் 3.3. வெளிவிட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழி என்ற ஒரே வாக்கியம் கிட்டத்தட்டப் பட்டியல் முழுவதையும் அடக்கிவிடுகிறது. எம் 8க்கு 6.75 வரும், எம் 12க்கு 10.25 வரும், கடையில் கிடைக்கும் டிரில்லுக்கு ஏற்பப் பட்டியல் அவற்றை 6.8 என்றும் 10.2 என்றும் மாற்றிக்கொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். இந்த வாக்கியத்தைப் பட்டியலின் தலைப்பில் அச்சிட்டிருந்தால் பாதித் தாள் மிச்சமாகியிருக்கும்!

இது வரை பட்டியலுக்குப் பாராட்டு. இனிக் குறைகள்.

பல பட்டியல்களில் மூன்றாவது கட்டம் ஒன்று உண்டு, மரையின் விழுக்காடு. முழு மரையில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதை அது சொல்கிறதாம். ஒரு பட்டியலில் எம் 10க்கு 8.5 துளை, 77 விழுக்காடு என்று போட்டிருக்கும். இன்னொன்றில் அதே எம் 10, அதே 8.5, ஆனால் 92 விழுக்காடு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர் என்ன நினைப்பார்? ஏதோ ஒன்று அச்சுப்பிழை என்று நினைப்பார். உண்மையில் இரண்டு கணக்கும் சரியே. நூறு என்று எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. பழைய அமெரிக்க வழக்கப்படி முக்கோண உயரத்தில் முக்கால் பங்கு மரையே முழு மரை. அக்கணக்கில் வருவது 77. இன்றைய ஐ.எஸ்.ஓ. வடிவத்தில் எட்டில் ஐந்து பங்கே முழு மரை. அக்கணக்கில் வருவது 92. உலோகத்தில் ஒரு துளியும் மாறவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. எதன் நூறு என்று சொல்லாத விழுக்காடு, எந்த ஊரிலிருந்து என்று சொல்லாத மைல்கல் போன்றது. அப்படிப்பட்ட கட்டத்தை அச்சிடாமல் விடுவதே மேல்.

அடுத்த குறை பட்டியலைவிட அதை விளக்கும் பாடங்களைச் சேர்ந்தது. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இக்கணக்கு இவ்வாறு சொல்லித்தரப்படுவதைக் காணலாம்: மரையின் ஆழம் பிட்ச்சைப் போல் 0.6134 மடங்கு, இருபக்கமும் சேர்த்து எம் 10க்கு 1.84, கழித்தால் 8.16, அதாவது 8.2 மி.மீ. இந்தத் துளை நூறு விழுக்காடு மரை தரும். ஆனால் நடைமுறையில் அவ்வளவு தேவையில்லை, டேப்பைத் திருப்புவதும் கடினம். ஆகவே பிட்ச்சை மட்டும் கழித்து 8.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிவு சரி. வழிதான் தவறு. அந்த 0.6134 என்பது போல்ட்டில் உள்ள வெளிமரையின் ஆழம். போல்ட்டின் பள்ளத்து அடிப்பகுதி உருண்டையாக வெட்டப்படுவதால் அது நட்டின் முகட்டைத் தொடாமல் இன்னும் சற்று உள்ளே போகிறது. அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. அதை நட்டின் கணக்கில் சேர்ப்பது, சட்டைக்கு அளவெடுக்கும்போது உடம்போடு காற்றையும் அளப்பது போன்றது. 8.2 மி.மீ. துளை நூறு விழுக்காடு மரை அன்று. ஐ.எஸ்.ஓ. அளவுகோலில் அது 111 விழுக்காடு, கீழெல்லையான 8.376ஐவிடச் சிறியது. தரநிலைப்படி அது கழிக்கப்பட வேண்டிய துளை.

விடைதான் சரியாக வந்துவிட்டதே, இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இருக்கிறது. இப்படிப் படிக்கும் மாணவர் மனத்தில் ஒரு படம் பதிகிறது: 8.2 என்பதே உண்மையான, கோட்பாட்டு வழிச் சரியான துளை, 8.5 என்பது நம் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட சமரசம். பிற்காலத்தில் ஒரு முக்கியமான வேலை கைக்கு வரும்போது, “இதற்குச் சமரசம் வேண்டாம், பலமாகவே போடுவோம்” என்று அவர் 8.2 டிரில்லை எடுப்பார். டேப் ஒடியும். அறிவியல் ஒன்று, நடைமுறை வேறு என்ற பிழையான எண்ணத்தை நம் பாடங்களே விதைக்கின்றன. இங்கே இரண்டும் ஒன்றேதான். 8.5 கோட்பாட்டிலிருந்தே வருகிறது.

வாய்மொழியாக உலவும் இன்னொரு விதி உண்டு: வெளிவிட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு. மனக்கணக்குக்கு எளிது என்பதால் இதற்கு ஆயுள் அதிகம். எம் 6க்கு 4.8 வரும், கீழெல்லை 4.917. எம் 12க்கு 9.6 வரும், கீழெல்லை 10.106. எம் 20க்கு 16 வரும். பட்டியல் சொல்வது 17.5. திருகு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் வளர்கிறது. காரணம் எளியது: பெரிய திருகில் பிட்ச் விட்டத்தின் அதே விகிதத்தில் வளர்வதில்லை. எம் 5இல் பிட்ச் விட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, எம் 20இல் எட்டில் ஒரு பங்கு. விட்டத்தை மட்டும் பார்க்கும் எந்த விதியும் இதனால் பொய்த்தே தீரும்.

சிறிய துளை பலமான மரையைத் தரும் என்ற நம்பிக்கை எவ்வளவு உண்மை? மரையின் உயரத்தைப் பட்டியல் அளவிலிருந்து முழு உயரத்துக்குக் கொண்டுபோனால் பலம் ஐந்து விழுக்காடே கூடும், டேப்பைத் திருப்பும் விசையோ மூன்று மடங்காகும் என்ற வாக்கியம் பல கையேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த உலோகத்தில், எத்தனை ஆழத்தில் என்ற நிபந்தனைகள் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன; எண்கள் மட்டும் பயணம் செய்கின்றன. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, அவை ஏன் அந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

மரை எப்படி அறுகிறது? ஒரு புரி அறும்போது அதன் அடிப்பகுதியில் வெட்டுப்படுகிறது. உருக்குப் போல்ட் அலுமினியத் துளையில் இருக்கிறது என்று கொள்வோம். பலவீனமானது அலுமினியம், அதன் புரிகள் போல்ட்டின் வெளிவிட்டத்தை ஒட்டிய உருளைப் பரப்பில் வெட்டுப்படும். அந்தப் பரப்பின் அளவைத் தீர்மானிப்பவை போல்ட்டின் வெளிவிட்டமும், மரை எத்தனை ஆழம் பிடித்திருக்கிறது என்பதும். துளையை 8.5 ஆக்கினாலும் 8.4 ஆக்கினாலும் அந்தப் பரப்பு மாறுவதில்லை! அலுமினியம் மெதுவானது, ஆகவே துளையைச் சிறிதாக்கி மரையை நிறையப் போடு என்று சொல்லும் மேஸ்திரி நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் கைவைக்கும் இடம் வேறு, நோய் இருக்கும் இடம் வேறு. அங்கே வேண்டியது ஆழம். உருக்கில் போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழம் போதும் என்பது வழக்கம்; வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு. போல்ட்டின் புரிகளே அறுந்துபோகக்கூடிய இடத்தில், அதாவது துளையுள்ள உலோகம் போல்ட்டைவிட வலிதாக இருக்கும்போது, துளையின் அளவு ஓரளவு பலத்தைத் தொடும். ஏனெனில் போல்ட்டின் புரி வெட்டுப்படுவது துளையின் உள்விட்டத்தை ஒட்டித்தான்.

விசை ஏன் இப்படி ஏறுகிறது என்பதும் வடிவத்திலேயே தெரியும். துளைச் சுவரில் டேப் வெட்டும் பள்ளம், வாயில் அகலமாகவும் அடியில் ஒடுக்கமாகவும் இருக்கும் முக்கோணம். உள்விட்டத்தின் எல்லையில் பள்ளத்தின் வாய் பிட்ச்சில் முக்கால் பங்கை அடைத்துக்கொள்கிறது. புரியின் முகட்டுக்கு மிஞ்சுவது கால் பங்கே. எனவே துளையைச் சிறிதாக்கி நீங்கள் விட்டுவைக்கும் கூடுதல் உலோகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீவலாக வெட்டி எறியப்பட வேண்டியது. கால் பங்கு மட்டுமே மரையில் தங்கும். அதுவும் பலத்துக்கு அதிகம் உதவாத முகட்டின் நுனியில். அந்தச் சீவல்கள் டேப்பின் ஒடுங்கிய வாய்க்கால்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த டேப்பை முறுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டேப் மிகக் கடினமான உருக்கால் ஆனது. கடினமானது என்பதாலேயே வளையாது, ஒடியும். ஒடிந்த துண்டு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். அதைத் துளையிட்டு எடுக்கவும் முடியாது. டிரில்லும் அதே இன உருக்கு, ஒன்றையொன்று தின்னாது. வாய்க்கால்களில் கம்பி நுழைத்துத் திருப்பிப் பார்க்கலாம். மின்பொறி அரிப்பு இயந்திரம் இருக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லலாம். அதுவரை பாடுபட்டு அரம் போட்ட பாகம் ஓரமாகக் கிடக்கும். தேர்வு நாளில் ஒரு மாணவருக்கு இது நேர்ந்தால் மணிக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் போகும். இதனால்தான் பட்டியலின் குறைகளை வெறும் அச்சுக் குறைகளாக நான் எண்ணவில்லை.

பட்டியலின் மிகப் பெரிய குற்றத்தை இனிச் சொல்கிறேன். பிட்ச்சை அச்சிடாமல் விட்ட பட்டியல்கள் உண்டு. எம் 10 என்று மட்டும் இருந்தால் பெரும்பிட்ச் 1.5 என்பது மரபு. ஆனால் எம் 10இல் 1.25 பிட்ச்சும் உண்டு, 1 பிட்ச்சும் உண்டு. 1.25க்கு வேண்டிய துளை 8.8, 1க்கு வேண்டிய துளை 9. டேப்பின் தண்டில் எம் 10 என்பதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பிட்ச் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் பட்டியலை நம்பி 8.5 போட்டவரின் துளை, 1 பிட்ச் மரையின் கீழெல்லையைவிட 0.4 மி.மீ. சிறிது. டேப் இரண்டு சுற்று ஏறுவதற்குள் திணறும். மோட்டார் வாகன வேலையில் இது அன்றாடச் சிக்கல். பெரும்பாலான கார்களில் பல ஆண்டுகள் வழங்கிய தீப்பொறிச் செருகியின் மரை எம் 14, பிட்ச் 1.25. சாதாரண எம் 14இன் பிட்ச்சோ 2. முன்னதற்குத் துளை 12.8, பின்னதற்கு 12. பிட்ச் இல்லாத பட்டியல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

இதற்கும் மேலே, மெட்ரிக் அல்லாத மரைகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு இத்தனை புரி என்ற கணக்கும் கொண்ட ஒரு முறையை 1841இல் முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணத்தையும் தட்டையான முகடுகளையும் கொண்ட வேறு முறையை வகுத்தார். விட்வொர்த்தின் உருண்டை முகடுகளை வெட்டுவது கடினம் என்பது அவர் வாதம். அரை அங்குல விட்வொர்த் மரையில் அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க மரையில் 13. ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட அவதிக்குப் பிறகு, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த மரை ஒன்றை ஏற்றன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளுக்கு வழிசெய்தது, மரைகளுக்கு ஐ.எஸ். 4218 என்ற தரநிலை ஐ.எஸ்.ஓ. வடிவத்தை எடுத்துக்கொண்டது. சட்டம் மாறியதால் பழைய இயந்திரங்களின் மரை மாறிவிடாது. விட்வொர்த் மரையுள்ள கடைசல் பொறிகள் நம் பட்டறைகளில் இன்னும் ஓடுகின்றன.

இங்கேதான் விழுந்துவிடக் கூடிய குழிகள். எட்டில் இரண்டரைப் பங்கு அங்குலம், அதாவது பட்டறைப் பேச்சில் இரண்டரை நூல் என்னும் 5/16 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம் 8 போலவே கண்ணுக்குத் தெரியும். பிட்ச்கள் 1.41, 1.25. ஒன்றில் மற்றொன்று ஓரிரு சுற்று ஏறி இறுகும். இறுகியதை மரையில் அழுக்கு என்று எண்ணி முறுக்குபவர் இரண்டையும் கெடுப்பார். துளைகளும் வேறு: இரண்டரை நூலுக்கு 6.5, எம் 8க்கு 6.8. இதைவிடக் கள்ளமானது சுழி பி.ஏ. என்ற மரை. கருவி வேலைக்காகப் பிரிட்டிஷ் சங்கம் ஒன்று 1884இல் வகுத்த தொடரின் முதல் அளவு அது. விட்டம் சரியாக 6 மி.மீ., பிட்ச் சரியாக 1 மி.மீ.; எம் 6இன் அச்சு அசல் என்று தோன்றும். ஆனால் கோணம் 60 அன்று, 47.5 பாகை. பிட்ச் அளவியை வைத்துப் பார்த்தாலும் மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாறலாம். திருகு நுழைவது போல நுழையும், பக்கச் சரிவுகள் முழுதாகப் படியமாட்டா. ஒரே தாளில் இம்மூன்று குடும்பத்தையும் தலைப்பு இல்லாமல் அடுத்தடுத்து அச்சிடும் பட்டியல்களைப் பார்க்கும்போது, அச்சிட்டவர் ஒரு நாளாவது டேப்பைக் கையில் பிடித்திருப்பாரா என்ற சந்தேகம் எழுகிறது.

அமெரிக்கப் பட்டியல்களை அப்படியே எடுத்து அச்சிடுவோர் இன்னொரு தொல்லையைக் கொடுக்கிறார்கள். அங்கே டிரில்களுக்கு எண்களும் எழுத்துகளும் பெயர். கால் அங்குல 20 புரி மரைக்கு 7ஆம் எண் டிரில் என்று இருக்கும். 7 மி.மீ. என்று படித்துவிட்டால் கதை முடிந்தது. கால் அங்குலமே 6.35 மி.மீ.தான்! 7ஆம் எண் டிரில் என்பது 5.1 மி.மீ. எண் ஏற ஏற டிரில் சிறுக்கும் என்ற தலைகீழ் வழக்கும் அதனுடன் சேர்ந்தது. இங்கே மி.மீ. டிரில் மட்டுமே விற்கும் கடைகள் நிறைந்த ஊர்களுக்கு அந்தக் கட்டம் எதற்கு?

பட்டியல் எடுத்துக்கொள்ளும் இன்னொரு அனுமானம், டிரில் ஒழுங்காகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது. டிரில்லின் இரண்டு வெட்டுமுனைகளும் நீளத்திலும் சாய்விலும் சமமாக இருந்தால்தான் துளை ஏறக்குறைய அளவோடு விழும். ஒன்று நீண்டுவிட்டால் டிரில்லின் நுனி மையத்திலிருந்து விலகிச் சுழலும், துளை பெருக்கும். எம் 6இன் உள்விட்ட மேலெல்லை 5.153. 5 மி.மீ. டிரில்லுக்கு இருக்கும் இடம் 0.15 மட்டுமே. கையால் அவசரமாகச் சாணை பிடித்த டிரில் அதைத் தாண்டுவது அரிதன்று. மரை அப்போது ஆழமின்றிப் பெயருக்கு நிற்கும். ஆகவே முக்கியமான வேலையில், அதே உலோகத்தின் கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் துளை போட்டு வெர்னியரால் அளந்து பார்ப்பது நல்லது. அளக்க வேண்டியது துளையை. டிரில்லை அளந்து பயனில்லை. இந்த ஒரு வரியைத் தாங்கிய பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு வகை டேப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாய்க்கால் இல்லாத, உலோகத்தை வெட்டாமல் அழுத்திப் பிதுக்கி மரை எழுப்பும் டேப்புகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அலுமினியம், பித்தளை, மெல்லிய உருக்கு போன்ற இளகும் உலோகங்களுக்கு அவை ஏற்றவை. வார்ப்பிரும்பு போல நொறுங்கும் உலோகத்துக்கு ஆகா. இங்கே உலோகம் வெளியே போவதில்லை, இடம் மாறுகிறது. பள்ளத்திலிருந்து பிதுங்கியது மேடாக எழுகிறது. எனவே துளை பெரிதாக இருக்க வேண்டும். முழுப் பிட்ச்சைக் கழிக்காமல் ஏறக்குறைய அரைப் பிட்ச்சைக் கழிக்க வேண்டும். எம் 10க்கு 9.3 அளவில், எம் 6க்கு 5.5க்குச் சற்று மேலே. சுவரில் உள்ள பழைய பட்டியலைப் பார்த்து எம் 10க்கு 8.5 துளையில் இந்த டேப்பை நுழைத்தால், பிதுங்கிய உலோகத்துக்குப் போக இடமிராது. டேப்பின் பெட்டியில் துளை அளவு அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியை முதலில் தூக்கி எறியும் நம் வழக்கத்தை இங்கே விட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, வேறு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். எம் 10க்கான வரி ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். மரை: எம் 10, பிட்ச் 1.5, கோணம் 60. வெட்டும் டேப்புக்கு டிரில் 8.5. துளை இருக்க வேண்டிய எல்லை 8.376 முதல் 8.676 வரை. பிதுக்கும் டேப்புக்கு 9.3. மரையின் ஆழம் உருக்கில் 10, வார்ப்பிரும்பில் 15, அலுமினியத்தில் 20 மி.மீ. ஒரு வரியில் இது அடங்கும். விழுக்காட்டுக் கட்டத்தை எடுத்துவிட்டால் இதற்குத் தாளில் இடமும் கிடைக்கும். விட்வொர்த்துக்கும் பி.ஏ.க்கும் தனித் தாள், முடிந்தால் வேறு நிறத்தில்.

இப்போதைக்குச் சுவரில் இருக்கும் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒரு பேனாவை எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் பிட்ச்சை எழுதுங்கள்; வெளிவிட்டத்திலிருந்து அதைக் கழித்து, அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் வேறுபடும் வரி எதுவாயினும், அது வேறு குடும்பத்து மரையாக இருக்கும், அல்லது நுண்பிட்ச்சாக இருக்கும், அல்லது அச்சுப்பிழையாக இருக்கும். எம் 16க்கு 14 வர வேண்டும், எம் 20க்கு 17.5. அங்கிருந்தே தொடங்கலாம், பெரிய அளவுகளில் பிழை தெளிவாகத் தெரியும், பெரிய டேப்பின் விலையும் அதிகம்.